உலர்ந்த ரப்பரில் புகை வாசம்

லாபிஸ் ரயில்வே ஸ்டேஷன்,
14 நவம்பர் 1925

அன்புள்ள மகன் கனகசபைக்கு,

மழை விடாமல் பெய்தாலும் நாங்கள் மூவரும் காய்ச்சலின்றி இருக்கிறோம், கொழும்பில் உன் இருமல் நின்றதா என்பதை முதலில் எழுது. உன் தங்கை தங்கரத்தினத்துக்கு மானிப்பாயிலிருந்து சம்பந்தம் பேசி எழுதியிருக்கிறார்கள், மாப்பிள்ளைக்குத் தபால் கந்தோரில் வேலை. ரப்பரை மின்சாரத்தால் ஒரு மணி நேரத்தில் உலர்த்தும் இயந்திரத்தை நேரில் பார்த்து எழுதச் சொன்னாய், அதைச் செய்யும் கம்பெனியில் பங்கு வாங்க அம்மாவின் சீதனக் காணியை விற்கும் பத்திரத்தையும் அனுப்பியிருந்தாய். செவ்வாய்க்கிழமை ரப்பர் தோட்டத்துக்குப் போனேன். பார்த்ததை மட்டும் எழுதுகிறேன். அலமாரி அளவில் ஓர் இரும்புப் பெட்டி. காலை பத்தரைக்கு நான்கு ஈர ரப்பர் ஷீட்டுகளை உள்ளே வைத்துப் பூட்டினார்கள், என்ஜின் ஓடியது, கம்பெனி ஏஜண்டு பார்க்க வந்த துரைமாரையும் என்னையும் பங்களாவுக்குத் தேநீர் குடிக்க அழைத்துப் போனார். பதினொன்றரைக்குத் திறந்தபோது நான்கும் தேன் நிறத்தில் காய்ந்திருந்தன, துரைமார் கை தட்டினார்கள், நானும் தட்டினேன். ஷீட்டுகளை நாட்கணக்கில் விறகுப் புகையில் உலர்த்தும் புகைக்கொட்டகையில் வேலை செய்யும் அர்ச்சுனன் மட்டும் ஒன்றை மூக்கருகே பிடித்து, என்னங்கய்யா, கரண்டுல காஞ்சது நம்ம கொட்டாய் வெறகு மாதிரி மணக்குது என்று மெல்லச் சொன்னான். வாங்கி முகர்ந்தேன், புகை வாசம்தான். ஏஜண்டைக் கேட்டால், தோட்டம் முழுக்கப் புகை, எதிலும் ஒட்டும் என்று சிரித்தார். அதுவும் உண்மையாயிருக்கலாம். பெட்டிக்குப் பின்புறம் ஷீட்டுகளை மாற்றி வைக்க வேறு கதவு உண்டா என்று நான் பார்க்கவில்லை, தேநீருக்கு எழுந்து போனது என் பிழை. ஆகவே மோசடி என்று எழுத என்னால் முடியாது, மெய் என்று எழுதவும் பயமாயிருக்கிறது.

காணி அம்மாவுடையதானாலும் தேசவழமைச் சட்டப்படி புருஷன் என்ற முறையில் என் ஒப்பமும் இல்லாமல் விற்க முடியாதென்று உனக்குத் தெரியும். உன் கடிதம் வந்த அன்றே அவள் பத்திரத்தில் ஒப்பம் வைத்துவிட்டாள். அந்தக் காணியை நம்பித்தானே தங்கரத்தினத்துக்குச் சம்பந்தம் பேசுகிறோம் என்றேன். அதற்கு அம்மா, அவளுக்கு முருகன் வழி விடுவான், உங்கட மூக்கை நம்பி என்ர பிள்ளை முன்னேறாமல் கிடக்கிறதோ என்கிறாள். தினமும் என் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் பத்திரமும் பேனாவும் இருக்கின்றன. தங்கரத்தினம் தண்ணீர் வைக்கும்போது பத்திரம் நனையாதபடி சற்றுத் தள்ளி வைக்கிறாள்.

தம்பி, இரண்டு தரம் பேனாவை எடுத்துவிட்டேன். நீ வற்புறுத்தி இன்னொரு கடிதம் எழுதினால் மறுக்க எனக்குத் திடம் இல்லை, ஆகையால் அப்படி எழுதாதே. வேண்டாம் என்று நீயே அம்மாவுக்கு எழுது. உன் சொல்லைத்தான் அவள் கேட்பாள்.

நல்லூர் முருகன் உன்னை நோயின்றி வைத்திருக்கட்டும். இருமலுக்குக் கொத்தமல்லி அவித்துக் குடி. பதில் வரும்வரை நான் ஸ்டேஷனில் என் வேலை மேசையிலேயே சாப்பிடுகிறேன்.

உன் ஐயா,
நா. சிவசம்பு