கல்யாணப் பெட்டியில் ஒரு தாய்

ஃபிளாரன்ஸ்,
1472, மே 9.

லியோன் நகரில் இருக்கும் என் மதிப்புக்குரிய கணவர் தத்தேயோ அவர்களுக்கு, மனைவி நன்னீனா பணிவோடு எழுதுவது. ஆண்டவர் அருளால் இங்கே அனைவரும் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? ஈரத்தில் நிற்காதீர்கள் என்றால் கேட்கிற ஆளா நீங்கள்!

நம் ஜினேவ்ராவின் சீர்த்துணிகள் வைக்கும் கல்யாணப் பெட்டி தயாராகிவிட்டது. அங்கே லியோனில் இருக்கும் மாப்பிள்ளை லொத்தோவுக்குப் பழைய ரோமாபுரிக் கதைகள் என்றால் உயிர், ஆகவே பாதாள ராஜா புளூட்டோ பெண்ணெடுத்த கதையை அதன் முன்பலகையில் தீட்டச் சொல் என்று எழுதியிருந்தீர்கள். பூப்பறிக்கப் போன பெண்ணைத் தேரில் தூக்கிப்போட்டுக்கொண்டு போனதற்கு அப்படியும் ஒரு பெயர் போலிருக்கிறது. நானும் யோசிக்காமல் ஓவியர் பியாஜோவிடம் சொல்லிவிட்டேன். பாதி வீட்டுப் பெட்டிகளில் இருக்கிற கதைதானே.

நேற்று மகளையும் வேலைக்காரி மேயாவையும் கூட்டிக்கொண்டு பட்டறைக்குப் போனேன். பியாஜோ துணியை விலக்கினார். முட்டை மஞ்சளில் குழைத்த வண்ணம்தான், ஆனால் அந்தப் பலகைக்குள் காற்று அடிக்கிறது! பெண்ணின் மடியிலிருந்து பூக்கள் சரிகின்றன, ஒன்று இன்னும் தரையைத் தொடவில்லை. புளூட்டோவுக்கு நம் ஊர் வியாபாரிகள் போடும் சிவப்பு வெல்வெட் அங்கி. மனிதக் கையால் இப்படியும் முடியுமா என்று உடம்பு சிலிர்த்துவிட்டது.

வலது ஓரத்தில் அந்தப் பெண்ணின் தாய், தானியத் தேவதை சீரிஸ், தலைவிரி கோலமாகத் தீப்பந்தத்தோடு மகளைத் தேடுகிறாள். அவளைப் பார்த்ததும் மேயா மண்டியிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டாள். "எந்திரி மேயா, அது நம்ம மாதா இல்ல, அந்தக் காலத்துச் சாமி" என்று பியாஜோ சிரித்தார். மேயா விடுவாளா? "யாரை ஏமாத்துறீங்க? நம்ம கோயில்ல சிலுவையடியில அழுற மாதா முகம் இதேதான். தினம் பாக்குற எனக்குத் தெரியாதா?" என்றாள். பியாஜோ அசடு வழிந்தார். கோயில் படத்துக்குப் போட்ட மாதிரித் தாளை வைத்துத்தான் இதற்கும் கோடு எடுத்தாராம். "பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்கு வேற முகத்துக்கு நான் எங்கம்மா போவேன்?" என்று என்னிடம் கேட்டார். நானும் மேயா பக்கத்தில் மண்டியிட்டேன். பாதிரியார் திட்டினால் திட்டட்டும்.

ஜினேவ்ரா அழவில்லை. வெகுநேரம் பார்த்துவிட்டு, "தேர்ல போற இவளையாச்சும் வருஷத்துல பாதி நாள் அம்மாகிட்ட அனுப்பினாங்க. லியோன்லருந்து என்னை அனுப்புவாங்களாம்மா?" என்று கேட்டாள். அவளுக்குப் பதினைந்து, லொத்தோவுக்கு ஐம்பத்திரண்டு. இரண்டு ஊருக்கும் நடுவில் பனிமலை.

இருபது வருடத்தில் உங்கள் சொல்லை நான் தட்டியதில்லை. இப்போது தட்டுகிறேன். பெட்டியையும் பெண்ணையும் சேர்த்து அனுப்பச் சொன்னீர்கள். பெட்டியை மட்டும் அனுப்புகிறேன். லொத்தோவிடம் கொடுப்பதற்கு முன், நல்ல பகல் வெளிச்சத்தில், ஒருமுறை நீங்கள் தனியாக அதன் முன் நில்லுங்கள். அதன் பிறகும் மகளை அனுப்பு என்று எழுத உங்களுக்குக் கை வந்தால், எழுதுங்கள். அப்படி எழுதவிடாமல் ஆண்டவர் உங்களைக் காக்கட்டும்.

இப்படிக்கு,
ஜினேவ்ராவின் தாய்.