பஸ்ஸில் நான் சொன்ன சொல்

1977 செப்டம்பர் 12, திங்கள்

பள்ளிக்கூடம் திறந்து ஒரு வாரம். ஆகஸ்ட் கலவரத்தில் எரிந்த லயத்து வரிசை வீடுகளின் பிள்ளைகள் பாதிப் பேர் வரவில்லை. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் தேயிலைத் தோட்டத்து டீச்சர் குவாட்டர்ஸை விட்டுத் தெரணியகலைக் கடைத்தெருவுக்கு வந்துவிட்டேன். சோமாவதி நோனா என்ற சிங்கள அம்மாள் வீட்டில் ஒரு பாதி வாடகைக்கு. பெயர் கேட்டாள். ‘மிஸ் கிரேஸ்’ என்றேன். சிங்களம் எனக்குத் தடையில்லாமல் வரும். சிங்களத்தி என்று மிச்சத்தை அவளே ஊகித்துக்கொண்டாள். நான் திருத்தவில்லை. சேலையையும் இப்போது சிங்களப் பெண்கள் மாதிரி ஒசரியாகத்தான் கட்டுகிறேன்.

செப்டம்பர் 15, வியாழன்

இதை எழுதாமல் விட்டால் நாளைக்கு இது நடக்கவே இல்லை என்று ஆக்கிவிடுவேன். அதனால் எழுதுகிறேன்.

மாலை பஸ்ஸில் ஜெயம்மா ஏறினாள். மூன்றாம் லயத்துக்காரி, மகள் இலட்சுமி என் மாணவி. கையில் அரிசி மூட்டை. பின்னால் இருந்த இரண்டு பேர், இன்னும் இந்தியாவுக்குக் கப்பல் ஏறவில்லையா என்று சிங்களத்தில் ஆரம்பித்தார்கள். ஒருவன் மூட்டையைக் காலால் தள்ளினான். கண்டக்டர் வெளியே பார்த்துக்கொண்டு நின்றான்.

“டீச்சர், இந்தாளுங்ககிட்ட நீங்களாச்சும் சொல்லுங்களேன்.”

எல்லாத் தலையும் திரும்பியது. “இவளை எனக்குத் தெரியாது” என்றேன் — சிங்களத்தில், தெளிவாக.

ஜெயம்மா அடுத்த தரிப்பில் இறங்கிவிட்டாள். அங்கிருந்து தோட்டத்துக்கு இரண்டு மைல். மழை.

செப்டம்பர் 16, வெள்ளி

இலட்சுமி முன் வரிசையில். கரும்பலகையைப் பார்த்தே பாடம் நடத்தினேன்.

செப்டம்பர் 18, ஞாயிறு

தோட்டத்துக் கிறிஸ்தவக் கோயில். ஆராதனை முடிந்து வாசலில் நின்றபோது லயத்துக் கன்னையா கேட்டார்: “ஜெயம்மா, அன்னைக்கு பஸ்ஸுல நம்ம டீச்சரும் இருந்தாங்களாமே?”

“அட போங்கண்ணே, அது யாரோ ஒரு சிங்கள நோனா. நம்ம டீச்சரோட லட்சணத்துல கால்வாசி கூட இல்ல!”

எல்லாரும் சிரித்தார்கள். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

வேதத்தில், முற்றத்தில் தீக்காய்ந்த சீடர் தன் குருவைத் தெரியாது என்று சொன்னது மற்றவர்கள் கேட்ட பிறகுதான். என்னை யாரும் கேட்கக்கூட இல்லை.

செப்டம்பர் 21, புதன்

பல்கலைக்கழகத்தில் தத்துவம் படித்தவள், உபதேசியார் மகள் — இந்த இரண்டுக்கும் நடுவில் இருபத்தைந்து வருடம் ஓட்டிவிட்டேன். கோயிலுக்குப் போவது எனக்கு ஒரு மரியாதை, அவ்வளவுதான்.

இன்று கட்டில் ஓரத்தில் முழங்காலிட்டேன். பயத்தை எடுத்துவிடும் என்று கேட்கவில்லை. அப்படிக் கேட்குமளவு விசுவாசம் எனக்கில்லை. செய்ததைச் சொன்னேன். பதில் எதுவும் வரவில்லை. ஆனால் ஒருவருக்கு முன்னால் சொல்லியாகிவிட்டது என்ற உணர்வு எழுந்த பிறகும் இருந்தது. ஒருவரிடம் சொன்னதை மற்றவர்களிடமும் சொல்ல முடியாதா?

செப்டம்பர் 25, ஞாயிறு

மாதக் கடைசி ஞாயிறு சாட்சி சொல்லும் நாள். காய்ச்சல் விட்டது, தொலைந்த ஆடு கிடைத்தது — எழுந்து நின்று சொல்வார்கள். அந்த நேரத்தில் கூரைத் தகரத்து ஓட்டைகளை எண்ணுவது என் வழக்கம். இன்று எழுந்தேன்.

“பஸ்ஸில் இருந்தது நான்தான். ஜெயம்மாவைத் தெரியாது என்று சொன்னேன். பயந்தேன். இன்னும் பயமாகத்தான் இருக்கிறது. ஆண்டவரிடம் சொன்னேன். உங்களிடமும் சொல்ல வேண்டும்.”

முன் பெஞ்சைப் பிடித்துக்கொண்டேன்.

பிறகு கன்னையா எழுந்தார். “நானும் சொல்லிர்றேங்க. லயத்த எரிக்க வந்தவனுங்ககிட்ட என் பேரு கருணாதாசன்னு சிங்களப் பேரச் சொல்லித்தான் தப்பிச்சேன். பக்கத்து வீட்ட நான்தான் கையக் காட்டி விட்டேன்.” உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். பக்கத்து வீட்டு இராமசாமி எழுந்து வெளியே போய்விட்டார். சற்று நேரம் கழித்துத் திரும்பி வந்தார். கன்னையா பக்கத்தில் உட்காரவில்லை. ஆனால் வந்தார்.

வாசலில் ஜெயம்மா பிடித்துக்கொண்டாள். “என்னங்க டீச்சர், உங்களுக்காக நான் பொய் சொல்லி வச்சா, கோயில்ல வச்சே என்னைய பொய்க்காரி ஆக்கிட்டீங்களே!”

“மன்னிச்சிரு ஜெயம்மா.”

“மன்னிக்கிறது இருக்கட்டும். மழையில நனைஞ்சு அரிசி பூராவும் பூஞ்சணம் புடிச்சிருச்சு.” கண் கலங்கியிருந்தது. பிறகு கேட்டாள்: “வீட்டு ஜெபம் நின்னு போச்சே. பாட்டுச் சத்தம் வெளிய கேக்கும்னு எல்லாருக்கும் பயம். இனி யாரு வீட்டுல வைக்கிறது?”

“என் வீட்டில்” என்றேன். யோசித்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன்.

செப்டம்பர் 30, வெள்ளி

காலையில் சோமாவதி நோனாவிடம் போனேன். சாயங்காலம் ஆட்கள் வருவார்கள், தமிழில் பாடுவோம், நான் தமிழ்ப்பெண் என்றேன். கையிலிருந்த உளுந்துச் சுளகு அசையாமல் நின்றது. சுளகோடு உள்ளே போனாள். இரண்டு தரம் ஜெபித்தேன், பயம் போகவில்லை. ஆனாலும் பாயை விரித்தேன்.

நான்கு மணிக்குப் பதினொரு பேர் வந்தார்கள். தமிழ் காதில் விழக் கூடாதென்று தெருவைக் கடக்கும்போது யாரும் பேசவில்லையாம். “ஜன்னல சாத்திரவாங்க?” என்று இலட்சுமி கேட்டாள். வேண்டாம் என்றேன்.

முதல் பாட்டின் நடுவில், வீட்டின் அடுத்த பாதியில் நோனாவின் ஜன்னல் படாரென்று சாத்தப்பட்டது. கன்னையாவின் குரல் இறங்கியது. பிறகு மற்றவர்களுடையதும். பாட்டு அந்த இடத்திலேயே நின்றுபோனது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

எனக்குக் குரல் வளம் கிடையாது. அடுத்த பாட்டை நான் எடுத்துக் கொடுத்தேன்.