சாய்ந்த கண்ணாடியைத் துடைத்தது நான்தான்

அப்பா, இதை யாரிடமும் காட்டிவிடாதீர்கள். காலாண்டுத் தேர்வில் நான் எழுதிய கட்டுரையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, நாமக்கல் லாரி ஸ்டாண்டில் டீக்கடைக்காரர் முதல் கிளீனர் வரைக்கும் "என்ற புள்ள எழுதுனது, படிச்சுப் பாருங்க" என்று நீட்டிய ஆள் நீங்கள். இப்போது இருக்கிற இடத்திலும் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பீர்கள். இதை மட்டும் நீட்டாதீர்கள். இது கட்டுரை இல்லை. நான் செய்த தப்பு.

சாமான் அறையில், தவிட்டு மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து, உங்கள் லாரி டார்ச்சை ஒரு டப்பாமேல் சாய்த்து வைத்து எழுதுகிறேன். கதவைத் தாழ் போட்டிருக்கிறேன். மடியில் கேமரா இருக்கிறது. தோல் உறையைத் திறந்தவுடன் டீசலும் கிரீஸும் வாசம் அடித்தது. அதற்கு அடியில் ஸ்பிரிட் வாசனையும் அடிக்கிற மாதிரி இருந்தது. மூன்று மாதம் கழித்து அது இருக்க முடியாது. ஆனாலும் அடித்தது.

நாளைக்கு முதல் பஸ்ஸில் ஆத்தூரிலிருந்து சித்தப்பா வருகிறார். போன ஞாயிற்றுக்கிழமையே கேமராவைக் கையில் எடுத்துப் பின்பக்கத்தைத் திறக்கப் பார்த்தார். சுற்றுகிற குமிழை மேலே இழுத்தால்தான் திறக்கும் என்று அவருக்குத் தெரியவில்லை. "விடுங்க அண்ணி, அடுத்த வாரம் கடைக்குக் கொண்டுபோய் ஸ்க்ரூவக் கழட்டிப் பாத்துடறேன். சும்மா கெடந்தா துருப்புடிச்சுடும்" என்றார். ரேடியோ ரிப்பேர் செய்கிறவர், எதையும் திறந்து பார்த்தால்தான் அவருக்கு மனசு ஆறும். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் அதற்குள் பிலிம் இருக்கிறது. அந்தப் பிலிமில் நீங்கள் இருக்கிறீர்கள். இது எனக்கு மட்டும்தான் தெரியும். வெளிச்சம் பட்டால் எல்லாம் போய்விடும்.

அப்போதே சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

பம்பாய் குடோனில் ஒருவர் கொடுத்தார் என்று நீங்கள் இந்தக் கேமராவைக் கொண்டுவந்த அன்று, ஆங்கிலத்தில் இருந்த சின்னப் புத்தகத்தை நான் அகராதி வைத்துக்கொண்டு படித்துச் சொல்ல, நீங்கள் ஒவ்வொரு குமிழாகத் திருகிப் பார்த்தீர்கள். பார்க்கிற கண்ணாடி வேறு, படம் பிடிக்கிற கண்ணாடி வேறு என்று புரிவதற்கே நமக்கு ஒரு சாயங்காலம் ஆனது. கண்ணை வைத்துப் பார்த்தால் நடுவில் மஞ்சளாக ஒரு சின்னக் கட்டம் தெரியும். அந்தக் கட்டத்துக்குள் எல்லாம் இரண்டிரண்டாக இருக்கும். முன்பக்க வளையத்தைத் திருப்பி இரண்டையும் ஒன்றாகச் சேர்த்தால் படம் தெளிவாக விழும். அம்மாவை நிற்க வைத்துப் பார்த்த நீங்கள், "அடேங்கப்பா, ரெண்டு பேரு நிக்கறா. ஒருத்தியையே சமாளிக்க முடியல" என்றீர்கள்.

"ரெண்டு பேரு இருந்தாச் சோறாவது நேரத்துக்கு ஆகும். அந்த இன்னொருத்திய இங்கயே உட்டுப்போட்டுப் போங்க" என்றாள் அம்மா.

அதற்குப் பிறகு நீங்கள் ஊட்டுக்கு வருகிற ஒவ்வொரு தடவையும் படம் பிடித்தோம். அம்மா, நான், எருமை, லாரி, எருமப்பட்டிச் சந்தை. எதிலும் நீங்கள் இல்லை. "வண்டி ஓட்டறவன் முன்னால வந்து நிக்க முடியுமா சாமி" என்று சொல்லி நீங்கள் எப்போதும் பின்னாலேயே இருந்துகொண்டீர்கள்.

ரோட்டுப் புழுதியில் பார்க்கிற கண்ணாடி மங்கும். ஊதி, துண்டு முனையால் துடைப்பீர்கள். அப்படியும் போகாத ஒரு புகை உள்ளே இருந்தது. ஒரு நாள் தையல் மிஷின் ஸ்க்ரூ டிரைவரால் மேல்மூடியைக் கழற்றினோம். கேமராவின் முன்பக்கம் ஜன்னல் மாதிரி இருந்த சின்னக் கண்ணாடிகளை உள்பக்கமாகத் துடைத்தீர்கள். அவற்றுக்குப் பின்னால் சாய்வாக ஒரு குட்டிக் கண்ணாடி நின்றது. நான் பஞ்சை நீட்டியதும் என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள். "அதத் தொடாதே. லாரி சைடு கண்ணாடி மாதிரி இதுலயும் பூச்சு இருக்குமாட்ட இருக்குது. உரிஞ்சா அவ்வளவுதான்."

நான் தொட்டேன், அப்பா. நீங்கள் அடுத்த நடை போயிருந்தபோது. வந்தவுடன் உங்களை அசத்த வேண்டும் என்று ஆசை. அம்மா வேலை செய்கிற கோழிப் பண்ணையில் ஊசி போடுவதற்கு வைத்திருந்த ஸ்பிரிட்டில் கொஞ்சம் எடுத்துவந்து, பஞ்சில் நனைத்து, அந்தச் சாய்ந்த கண்ணாடியை அழுத்தித் துடைத்தேன். பஞ்சு லேசாக மஞ்சளாயிற்று. அழுக்கு வருகிறது என்று நினைத்து மறுபடியும் துடைத்தேன். மூடியை மாட்டிக் கண்ணை வைத்தபோது எதிர்வீட்டு ஓட்டின் விரிசல்கூடத் தெரிந்தது. அவ்வளவு பளிச்சென்று அதற்கு முன் பார்த்ததே இல்லை. அப்புறம் வளையத்தைத் திருப்பினேன். எதுவும் நகரவில்லை. நடுக்கட்டம் இல்லை. இரண்டாவது உருவம் இல்லை. பஞ்சில் வந்தது அழுக்கு இல்லை, பூச்சு. சேர்த்துப் பார்க்க ஒன்றுமே மிச்சம் இல்லாமல் செய்துவிட்டேன்.

நீங்கள் வந்தீர்கள். கண்ணாடியைத் தொட்டதை மறைத்துவிட்டேன். கேமராவை எடுத்துக் கண்ணில் வைத்தீர்கள். "அட, பளிச்சுனு இருக்குது" என்றீர்கள். வளையத்தை இப்படியும் அப்படியும் திருப்பினீர்கள். பிறகு கேமராவை என் கையில் கொடுத்து, "இன்னிக்கு நீ புடி. நான் நிக்கறேன்" என்றீர்கள்.

அம்மா பண்ணைக்குப் போயிருந்த நேரம். கல்தொட்டிமேல் ஒரு கையை ஊன்றி நின்றீர்கள். பின்னால் லாரி. நான் வாசற்படியில் நின்றுகொண்டு, ஒன்றும் தெரியாத வளையத்தை வைத்துச் சேர்க்கிற மாதிரி நடித்துக்கொண்டிருந்தேன்.

"என்ன சாமி, இத்தன நேரம்? லாரி பாடி அகலம் எட்டடி, அதுக்கு மேல ரெண்டடி இருக்கும். பத்து அடி வெச்சுக்க."

வளையத்தில் அடிக்கணக்கு எழுதியிருக்கும் அல்லவா, பத்தைக் கோட்டுக்கு நேராக வைத்து அழுத்தினேன். நீங்கள் சிரித்துக்கொண்டிருந்தீர்கள். "இன்னும் அஞ்சாறு படம் இருக்குது. அடுத்த நடைக்கு வந்து முடிச்சுப்போட்டுக் கழுவக் குடுக்கலாம். வாரேன்" என்று சொல்லி ஏறினீர்கள்.

சோலாப்பூர் தாண்டி, நெஞ்சு வலிக்கிறது என்று வண்டியை ஒழுங்காக ஓரம் கட்டி, கைப்பிரேக் போட்டு, அதற்குப் பிறகுதான் ஸ்டீயரிங்கில் தலையைச் சாய்த்தீர்கள் என்று கிளீனர் அண்ணன் சொன்னார்.

வீட்டில் மாட்டுவதற்கு உங்கள் படம் ஒன்றுகூட இல்லை. லைசென்ஸில் இருந்ததைப் பெரிதாக்கி, மீசைக்கு மை தீட்டிக் கொடுத்தார்கள். அம்மா அதை வெகுநேரம் பார்த்துவிட்டு, "மொகம் இருக்குது. அவரு இல்ல" என்றாள். தினமும் அதற்கு விளக்கு வைக்கிறாள், தலையை நிமிர்த்துவதில்லை.

அதனால்தான் சொல்லவில்லை. உள்ளே அப்பா படம் இருக்கிறது என்று சொன்னால் அந்த நிமிஷத்திலிருந்து அம்மா காத்திருக்க ஆரம்பித்துவிடுவாள். நான் கெடுத்த கண்ணாடியில், இரண்டையும் சேர்த்துப் பார்க்க முடியாமல் பிடித்த படம் அது. கழுவி வரும்போது உங்கள் முகம் கரைந்துபோயிருந்தால், உங்களை இரண்டாவது தடவை அவளிடமிருந்து நானே எடுத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும்.

இன்று சாயங்காலம் அம்மா பண்ணையிலிருந்து வருவதற்குள், அவளுடைய தையல் டேப்பை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். டேப்பு ஐந்து அடி நீளம். வாசற்படியிலிருந்து கல்தொட்டி வரைக்கும் தரையில் போட்டு அளந்தேன். இரண்டு தடவை வைத்து, இரண்டு விரல் மிச்சம். பத்து அடி, இரண்டு விரல். மறுபடி அளந்தேன், அதேதான். எதிர்வீட்டு ஆயா, "என்னம்மிணி, ஊட்ட விக்கப் போறீங்களா?" என்று கேட்டார். சிரித்துவிட்டேன். நீங்கள் போன பிறகு நான் சத்தமாகச் சிரித்தது அதுதான் முதல் தடவை.

சற்று முன் பிலிமைச் சுற்றினேன். அடியில் இருக்கும் சின்னப் பொத்தானை அழுத்திக்கொண்டு, குமிழிலிருந்த கைப்பிடியை விரித்து, அம்பு காட்டுகிற பக்கம் மெதுவாகச் சுற்றினேன். எங்கே அறுந்துவிடுமோ என்று நடுநடுவே நிறுத்திக் காதை வைத்துக் கேட்டேன். இறுக்கம் விட்டு லேசானதும் இன்னும் நாலு சுற்று. பிறகு டார்ச்சை அணைத்துவிட்டு, இருட்டிலேயே திறந்து சுருளை எடுத்தேன். ஜாமிட்ரி பாக்ஸில் வைத்திருக்கிறேன். நாளைக்குப் பள்ளிக்கூடம் போகிற வழியில் ஸ்டூடியோவில் கொடுத்துவிடுவேன். கேமராவைச் சித்தப்பா எடுத்துக்கொண்டு போகட்டும். அதற்கு முன் கண்ணாடியை நீங்கள் செய்கிற மாதிரி ஊதி, துண்டு முனையால் துடைத்து வைத்தேன். வெளிக் கண்ணாடியை மட்டும்.

அப்பா, இதை எழுதிக்கொண்டு வரும்போதுதான் ஒன்று தோன்றியது. மேலே எழுதியதைத் திரும்பப் படித்தேன். அதுவரைக்கும் ஒரு நாளும் நீங்கள் என்னிடம் அடிக்கணக்கு சொன்னதில்லை. "ரெண்டையும் ஒண்ணாச் சேத்து" என்றுதான் சொல்வீர்கள். அன்றைக்கு மட்டும் பத்து அடி என்றீர்கள். வளையத்தைத் திருப்பிப் பார்த்தபோதே உங்களுக்குத் தெரிந்துவிட்டது. கேட்கவில்லை. திட்டவில்லை. எத்தனை அடி என்று மட்டும் சொன்னீர்கள். ராத்திரியில் கிளீனர் தூங்கிப்போனாலும் தனியாக வண்டியைப் பின்னால் எடுத்து, சுவரிலிருந்து ஒரு சாண் விட்டு நிறுத்துகிற உங்கள் கண்ணு சொன்ன பத்து அடி. படம் தெளிவாகத்தான் இருக்கும். இருக்கும், அப்பா.

இப்போது எனக்கும் அந்தப் பழக்கம் வந்துவிட்டது. என் பெஞ்சிலிருந்து கரும்பலகை பதினாறு அடி என்று மனசுக்குள் சொல்லிவிட்டு, மணி அடித்ததும் அடி வைத்து அளந்து பார்க்கிறேன். முதலில் மூன்று அடி, நாலு அடி தப்பும். இந்த வாரம் அரை அடிதான் தப்பியது. நீங்கள் அளந்தது—

கதவு தட்டுகிற சத்தம். அம்மா. "சாமி, உள்ள என்ன வெளிச்சம்? கதவத் தொற." ஜாமிட்ரி பாக்ஸ் மடியில் திறந்தே கிடக்கிறது. மூட்டைக்குப் பின்னால் தள்ளிவிட நேரம் இருக்கிறது. ஆனால் நான் தள்ளப்போவதில்லை. சொல்லிவிடப் போகிறேன் அப்பா, அம்மாவும் என்னோடு சேர்ந்து காத்திருக்கட்டும்.