நீங்கள் டாக்டரிடம் சொன்ன நேரம்

மாமா,

பாப்பா இன்றைக்கு வீட்டுப்பாடமாக ஆறு கடிகாரம் வரைந்து, கீழே 'குவார்ட்டர் பாஸ்ட்', 'குவார்ட்டர் டு' என்று எழுதிக்கொண்டிருந்தாள். அழிரப்பர் வாசனையில் உங்கள் ஞாபகம் வந்துவிட்டது.

லாரி ஓட்டிய காலமெல்லாம் நேரம் கேட்டால் ஊர்ப் பெயரைச் சொல்வீர்கள். "சாப்பாட்டு நேரத்துக்குத் தொப்பூர் தாண்டிருவேன்." பேத்தி பள்ளிக்கூடம் போனதும், "எனக்கும் அந்த இங்கிலீசு மணியச் சொல்லிக்குடு சாமி" என்று பென்சிலும் அழிரப்பருமாக என்னிடம் வந்து உட்கார்ந்தீர்கள். "மூணே முக்காலாவுது, அதுக்குள்ள 'குவார்ட்டர் டு ஃபோரு'ன்னு நாலக் கூப்புடறான் பாரு இங்கிலீசுக்காரன். உன்னையாட்டவே அவசரக்காரன்."

அவசரக்காரிதான். பள்ளி வேன் தவறிவிடுமோ என்ற பயத்தில், யாரிடமும் சொல்லாமல், கூடத்துக் கடிகாரத்தைப் பத்து நிமிடம் முன்னே தள்ளி வைத்திருந்தேன்.

நான் கடைக்குப் போயிருந்த நேரம் பாப்பாவுக்குக் காய்ச்சலில் வலிப்பு வந்தது. நீங்கள்தான் ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினீர்கள். நான் மூச்சு வாங்க வந்து சேர்ந்தபோது டாக்டர் இங்கிலீஷில் கேட்டுக்கொண்டிருந்தார், எப்போது வந்தது, எப்போது நின்றது என்று.

"குவார்ட்டர் பாஸ்ட் ஃபோர் வந்துச்சுங்க. ஆட்டோவுல டென் பாஸ்ட் ஃபோர் நின்னுருச்சுங்க."

"வர்றதுக்கு முன்னாடியே நின்னுருச்சா?"

நான் குறுக்கிட்டேன். "அவருக்கு அது சரியா வராதுங்க டாக்டர். குவார்ட்டர் டு ஃபோரத்தான் அப்படிச் சொல்றாரு."

டாக்டர் முகம் மாறிவிட்டது. இருபத்தைந்து நிமிடம் என்று எழுதி, உடனே சேலத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். ஸ்கேன், ஊசி, அந்தச் சின்னக் கையில் டியூப். "நான் நல்லாப் பாத்தேன் சாமி" என்றீர்கள். "சும்மா இருங்க மாமா" என்றேன், அத்தனை பேர் முன்னால்.

மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்து கூடத்துக் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்ததும்தான், அதைப் பத்து நிமிடம் தள்ளி வைத்தது நினைவுக்கு வந்தது. வலிப்பு வந்ததும் நீங்கள் பார்த்தது அந்தக் கடிகாரம். நின்றபோது ஆட்டோவில் பார்த்தது உங்கள் கைக்கடிகாரம். உண்மையில் நாலு ஐந்துக்கு வந்து நாலு பத்துக்கு நின்றிருக்கிறது; நடந்தது ஐந்தே நிமிடம். நீங்கள் இரண்டையும் சரியாகத்தான் படித்திருக்கிறீர்கள்.

மறுநாளே டாக்டரிடம் போய்ச் சொன்னேன். உங்களிடம் மட்டும் சொல்ல வாய் வரவில்லை. நீங்களும் அதன்பிறகு இங்கிலீஷில் மணி சொல்லவில்லை. பொறுமையாகச் சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தேன். ஐப்பசியில் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள்.

பாப்பாவின் ஃபைலில் டாக்டர் இருபத்தைந்தை அடித்துவிட்டு, 'ஐந்து நிமிடம், தாத்தா பார்த்தது' என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் அந்த வரியைத்தான் காட்டுகிறேன். "எங்க மாமா பாத்துச் சொன்னதுங்க. சரியான நேரங்க."

உங்களிடம் ஒரே ஒரு தடவை சொல்ல வேண்டியதை, முன்பின் தெரியாதவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன் மாமா.