நாற்பது கம்பங்கள்

வெலிச்கா அத்தைக்கு வணக்கம்.

உங்கள் மகள் ரலிட்சா கண்மூடி ஒரு வருடம் ஆனதற்கு நான் ஒட்டவைத்த நினைவுத் தாள்களின் மேல், என் கடையின் கிறிஸ்துமஸ் சுவரொட்டியையே ஒட்டிவிட்டார்கள். அடுத்தவர் சொல்லி நீங்கள் கேட்க வேண்டாமென்று நானே எழுதுகிறேன். முழங்கால் வலி குறைந்ததா? நான் சுகம்.

வானொலி விளம்பரம் தண்டம் என்று இந்தப் பண்டிகைக்கு மொத்தப் பணத்தையும் சுவரொட்டியில் போட்டேன். ஒட்டுகிற மிஞ்சோவிடம், "ஜனங்க நின்னு படிக்கிற எடமாப் பாத்து ஒட்டுடா" என்று சொன்னவனும் நான்தான். இந்தப் புர்காஸ் நகரத்திலும் நம் ஊரைப் போலத்தான். செத்தவர்களின் தாள் ஒட்டிய கம்பத்தின் முன்னால்தான் எல்லோரும் நிற்கிறார்கள்.

பக்கத்துக் கடை தோன்கா நேற்று வந்து கேட்டாள்: "ஏம்ப்பா கமென், பொண்டாட்டி மூஞ்சி மேலயா பூட்ஸ் விக்கிற?"

ஓடிப்போய்ப் பார்த்தேன். 'பாதி விலை' என்ற எழுத்துக்கு மேலே ரலிட்சாவின் நெற்றி மட்டும் தெரிந்தது. நகத்தால் சுரண்டினேன். அவளும் சேர்ந்து கிழிந்து வந்தாள், அத்தை.

புதிதாக அச்சடிக்க, தாளில் போட்ட அவள் படத்தை மறுபடி அனுப்புங்கள். முட்டைக்கோஸ் ஊறுகாய்க்கு அவள் எத்தனை கை உப்புப் போடுவாள்? நான் போட்டது கெட்டுவிட்டது. உங்கள் ஊர்ப் பேருந்து கிளம்பப்போகிறது, இந்தக் கடிதத்தை ஓட்டுநரிடம் கொடுக்க வேண்டும்.

மிஞ்சோவிடம் பேசி முடித்துவிட்டேன். நாற்பது கம்பங்களிலும் என் சுவரொட்டியை எடுத்துவிட்டு அவள் தாளை ஒட்ட வேண்டும். பண்டிகை முடியும்வரை அதன் மேல் எதுவும் ஏறக்கூடாது. கம்பத்துக்கு மூன்று லெவா கூலி. பசை வாளியை நான் தூக்கிவருவேன்.

உங்கள் மருமகன்
கமென்