குழாயடியில் விழுந்தவள்

3 மார்ச் 1994

மறுபடி சீழ். முகவாயில் ஒட்டிய பஞ்சைப் பிரித்தபோது வந்த நாற்றத்தில் எனக்கே குமட்டியது. ஏழு மாசமாக எஸ்டேட் கம்பவுண்டர் தரும் மஞ்சள் களிம்புதான். ஆறுவது போல் ஆறும், பிறகு பொத்துக்கொண்டு வழியும்.

என் தட்டும் டம்ளரும் இப்போது விறகு அடுக்குப் பக்கத்தில் தனியாக. வீட்டுக்காரர் நேற்று சாப்பாட்டிலிருந்து பாதியில் எழுந்துவிட்டார். "உம் மூஞ்சியப் பாத்துட்டு சோறு எப்படி எறங்கும்?"

7 மார்ச்

பிள்ளைக்காம்பராவில் எஸ்டேட் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது பதினோரு வருஷமாக என் வேலை. இன்று மேற்பார்வை பார்க்கும் ஜானகியம்மாள் வாசலிலேயே மறித்தாள். "ஏனுங்க, தாய்மாருங்க முணுமுணுக்கறாங்க. புண்ணு ஆறட்டும், அப்பறம் வாங்க." ஆறாவிட்டால்? மூக்கைப் பொத்திக்கொண்டே பேசினாள். எத்தனை குழந்தைகளுக்குக் கழுவிவிட்டிருப்பேன்! ஒரு நாள் மூக்கைப் பொத்தினேனா? சீ.

8 மார்ச்

வேலைக்குப் போகவில்லை.

15 மார்ச்

குன்னூர் போனேன். தோல் டாக்டர் தாடையை அழுத்திப் பார்த்துவிட்டு, பல் டாக்டரிடம் போகச் சொன்னார். பல்லா? எனக்குப் பல்வலியே கிடையாதே!

பல் டாக்டர் ஜுலைகா, சின்ன வயசு. சீட்டில் எழுத வீட்டுக்காரர் பெயர் கேட்டார். வழக்கம்போல வாயால் சொல்லாமல் ரேஷன் கார்டை நீட்டினேன். தபால்தலை அளவு ஃபிலிமை வாய்க்குள் வைத்து எக்ஸ்ரே எடுத்தார். கழுவிக் கொண்டுவந்து ஜன்னல் வெளிச்சத்தில் காட்டினார். கீழ் முன்பல் ஒன்றின் வேர் நுனியைச் சுற்றிப் பட்டாணி அளவு கறுப்பு.

"அங்க எலும்பு கரைஞ்சிருக்குங்க. அங்கிருந்துதான் சீழ் வழி பண்ணிட்டு வெளிய வருது. பல்லு செத்து ரொம்ப நாளாச்சு, அதான் வலியில்ல. சொத்தையும் காணோம். எப்பவாச்சும் அடி பட்டுச்சுங்களா?"

வாய் தானாகச் சொன்னது. "குழாயடில வழுக்கி விழுந்தேனுங்க. மூணு வருஷமாச்சு."

எழுதிக்கொண்டார்.

திரும்பும்போது பஸ்ஸில் வாந்தி. மலைப்பாதை வளைவுகளால் வந்ததல்ல. குழாயடியாம், குழாயடி! அன்று குழம்பில் உப்பு கூடிப்போனது. வீட்டுக்காரன் கை. நான் ரத்தத்தைக் கழுவும்போதே அவன் சொல்லிக்கொடுத்த பொய் அது. எத்தனை பேரிடம் ஒப்பித்திருக்கிறேன் — வெட்கங்கெட்டவள், இன்றைக்கும் ஒப்பித்தேன். அடித்தவன் அவன். அந்த அடியில் செத்த பல்லின் சீழைப் பார்த்து முகம் சுளிக்கிறவனும் அவனேதான். தூ!

22 மார்ச்

பல்லின் பின்பக்கம் துளை போட்டு வேரைச் சுத்தம் செய்தார்கள். என்ன நாற்றம்! இதை வைத்துக்கொண்டா மூன்று வருஷம் சோறு தின்றேன்?

9 ஏப்ரல்

வேரை அடைத்தாயிற்று. புண்ணும் மூடிவிட்டது, சின்னக் குழி மட்டும் இருக்கிறது. ஜானகியம்மாள் பல்லைக் காட்டிக்கொண்டு, "நாளைக்கே வந்துருங்க" என்கிறாள். போவேன், குழந்தைகளுக்காக.

அவன் என் தட்டை எடுத்து உள்ளே வைத்தான். நான் மறுபடி விறகுப் பக்கம் கொண்டுபோய் வைத்தேன். அவனோடு உட்கார்ந்தால் எனக்குத்தான் சோறு இறங்காது.

11 அக்டோபர்

ஆறு மாசம் கழித்து எடுக்கச் சொன்ன எக்ஸ்ரே. குன்னூரில் ஏதோ வேலையென்று அவனும் கூடவே வந்தான். டாக்டர் பழைய ஃபிலிமையும் புதியதையும் சேர்த்துப் பிடித்தார். கறுப்பு நன்றாகச் சுருங்கியிருந்தது. "எலும்பு வளர்ந்துட்டு வருதுங்க" என்று சிரித்தார். பிறகு பழைய சீட்டைப் பார்த்து, "குழாயடில விழுந்ததுதானே இது?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவன் முந்திக்கொண்டான். "ஆமாங்க டாக்டர், பாசி புடிச்ச எடம். பாத்துப் போன்னு எத்தன தடவ சொல்லியிருப்பேன், கேட்டாத்தானே!"

ஐயோ, அந்தக் குரல்.

"டாக்டர், சீட்டுல அத அடிச்சிடுங்க. நான் விழுகலீங்க. என்ன அடிச்சதுல செத்த பல்லு."

"யாருங்க அடிச்சது?"

"சின்னராஜ்."

கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் முதல்முறையாக அந்தப் பெயரைச் சொன்னேன். இன்று ரேஷன் கார்டு கொண்டுபோகவில்லை.