வாந்திக்குப் போட்ட கம்பி

போன வாரம் படப்பையில் ஒரு பட்டறையில் உன் காரை லிஃப்டில் ஏற்றி நிறுத்தினார்கள். அடியில் போய் அண்ணாந்து பார்த்த மெக்கானிக், பின்சக்கரங்களுக்கு நடுவே குறுக்காகக் கிடக்கும் சிவப்புக் கம்பியை ஸ்பேனரால் தட்டி, "இன்னா சார் இது, ரேஸுக்குப் போறீங்களா?" என்றான். தட்டிய தட்டில் அதன்மேல் அப்பிக் காய்ந்திருந்த சேறு என் முகத்தில் உதிர்ந்தது. சேறு என்று மரியாதைக்குச் சொல்கிறேன். ஒரகடம் சாலையில் மழைக்குப் பிறகு தேங்கி நிற்பது என்னவென்று உனக்குத் தெரியாததா? சாக்கடை, டீசல், கறிக்கடைக் கழிவு, அரைபட்டுப் போன நாய். அதில் ஒரு துணுக்கு என் உதட்டில். துப்பினேன், துடைத்தேன், மறுபடியும் துப்பினேன். நீ இருந்திருந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பாய். "உனக்கு ஒடம்பு பூரா மூக்குடா" என்பாய்.

மெக்கானிக் இன்னொன்றும் சொன்னான். "கயட்டிடலாம் சார். ஒரு சக்கரம் பள்ளத்துல எறங்குனா இன்னொண்ணையும் சேத்து உலுக்கும் இது. பின்னாடி வயசானவங்க குந்திகினு வராங்கன்னு சொல்றீங்க. நம்ம ரோட்டுக்கு இது ஆவாது." அவன் சொன்னதில் தப்பில்லை. வளைவில் காரைச் சாயவிடாமல் பிடிக்கிற ஸ்வே பார், குழியில் இரண்டு பக்கத்தையும் ஒன்றாகக் குலுக்கத்தான் செய்யும். ஆனாலும் கழற்று என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று வண்டியை இறக்கி எடுத்துவந்துவிட்டேன். அதை யாரோடு யோசிப்பது? மாட்டியது நாம் இரண்டு பேர். ஒருவன் போய்விட்டான்.

நாம் பழகியதே காருக்கு அடியில்தான். கார் செய்யும் ஆலையில் தலைக்கு மேலே தொங்கிக்கொண்டு வரும் கார்களின் பின்பாகத்தில் இடது பக்கம் உன்னுடையது, வலது பக்கம் என்னுடையது. டார்க் கன்னை வைத்து போல்ட்டை முடுக்குவோம், பச்சை விளக்கு எரியும், அடுத்த கார் வந்துவிடும். நடுவில் அச்சு மறைப்பதால் உன் முகத்தில் பாதிதான் எனக்குத் தெரியும். முழு முகத்தையும் கேன்டீனில்தான் பார்த்தேன். பார்த்த அன்றே வெறுத்தும் போனேன். கிரீஸ் அடைந்த நகத்தோடு சாம்பார் சோற்றைப் பிசைந்து, முழங்கை வரை வழியவிட்டு, அதை நக்கிக்கொண்டிருந்தாய். குமட்டிக்கொண்டு வந்தது. தட்டைத் தூக்கிக்கொண்டு வேறு மேசைக்குப் போனேன். நீயும் உன் தட்டைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தாய். "இன்னா மச்சி, அங்க ஃபேன் ஓடலையா?" அன்று ஒட்டிக்கொண்டவன்தான், கடைசிவரை விடவில்லை.

உன் அம்மாவுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போய், வாரத்தில் இரண்டு நாள் தண்டலம் பக்கத்து ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். வல்லம் வடகாலில் உங்கள் வீட்டிலிருந்து போய்வர, யாரோ ஓட்டித் தேய்த்த அந்த வெள்ளைச் சின்னக் காரை வாங்கினாய். தீப்பெட்டியை நிமிர்த்தி வைத்ததுபோல ஒரு வண்டி. திரும்பினால் இடுப்பை ஒடித்துக்கொண்டு சாயும். எனக்கு ஓய்வுநாள் என்றால் துணைக்குக் கூப்பிடுவாய். முதல் தடவை வந்ததை நினைத்தால் இப்போதும் எனக்கு வாயில் எச்சில் ஊறுகிறது, நல்ல விதமாக அல்ல. ஏரிக்கரை வளைவு தாண்டியதும் பின்னால் ஒரு சத்தம். பிறகு அந்த வாடை. புளித்த மோர், மாத்திரை, அதோடு நீ முன்னால் தொங்கவிட்டிருந்த மல்லிகை சென்ட். சென்ட் இல்லாமல் இருந்திருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டே ஸ்ரீபெரும்புதூர் வரை வந்தேன். நீ வண்டியை ஓரங்கட்டி, கிடைத்த துணியால் மிதியடியைத் துடைத்துவிட்டு, கையைப் பேன்ட்டில் தேய்த்துக்கொண்டு மறுபடி ஸ்டியரிங்கைப் பிடித்தாய். சீ என்றேன். "எங்கம்மாதான்டா" என்றாய்.

ஒரு நாள் அம்மா வரமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். "இப்டியே செத்தாலும் பரவால்ல. அந்தக் கார்ல மட்டும் ஏற மாட்டேன்."

ஏன் என்று நீ கத்தினாய்.

"கார் சாயுதுடா. கொடலு வாய்க்கு வந்துடுது."

ஷேர் ஆட்டோவில் ஏறி இறங்க அவரால் முடியாது. அந்த ஒரு முறை தவறியதற்கே கால் இரண்டும் வீங்கி, படுத்தால் மூச்சு முட்டி, சுவரில் சாய்ந்தபடியே கிடந்தார். கடைசியில் கெஞ்சிக் கூத்தாடித் தூக்கிக்கொண்டு போனாய். இனி ஒரு முறை தவறினால் பிழைப்பது கஷ்டம் என்று டாக்டர் உன்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். மறுநாள் டீ இடைவேளையில் வந்து சொன்னாய்: "நம்ம லைன்ல போற வண்டிக்கு அல்லாம் பின்னாடி பார் கீது. எங்கம்மா குந்துற வண்டிக்கு இல்ல. அதான்டா மேட்டரு."

இணையத்தில் ஆர்டர் போட்டாய். பெட்டி வந்தது. பெட்டிமேல் படம்: புகையைக் கக்கிக்கொண்டு ஒரு கார் சறுக்குகிறது, பக்கத்தில் அரைகுறை உடையில் ஒரு பெண் கொடி காட்டுகிறாள். உள்ளே இரத்தச் சிவப்பில் ஒரு கம்பியும் தீப்பிழம்பு ஸ்டிக்கர்களும். டயாலிசிஸுக்குப் போகிற அம்மாவுக்குத் தீப்பிழம்பு! அந்தப் பெட்டியைத் தொடவே எனக்குக் கை கூசியது. நீயோ ஸ்டிக்கரில் ஒன்றை உரித்து என் ஹெல்மெட்டில் ஒட்டினாய்.

ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுப் பக்கத்துச் சந்தில் ஜாக்கி போட்டு, கல் முட்டுக்கொடுத்து, அடியில் படுத்தோம். ஆட்டுப் புழுக்கை மெத்தைபோல் கிடந்தது. நான் சிமென்ட் சாக்கை விரித்தேன், நீ அப்படியே மல்லாந்துவிட்டாய். துரு கண்ணில் கொட்டியது, பழைய எண்ணெய் காதுக்குள் இறங்கியது, உன் அக்குள் என் மூக்குக்கு நேரே. நானாக இருந்தால் எழுந்து போயிருக்க வேண்டியவன். ஏனோ போகவில்லை. யார் எந்தப் பக்கம் என்று பேசிக்கொள்ளவே இல்லை. நீ இடது, நான் வலது. ஆளுக்கொரு முனையைக் காரின் உடம்போடு இணைத்து, மூச்சைப் பிடித்து முடுக்கினோம். அம்மா வாசலில் உட்கார்ந்து, வெளியே நீட்டிக்கொண்டிருந்த நம் நான்கு கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஓட்டிப் பார்த்தால் பின்னால் டக் டக் என்று சத்தம். "உன் சைடுதான்டா லூஸு" என்றாய். என் பக்கமா? நான் எத்தனை காலம் வலது பக்கம் முடுக்கியவன்! மறுபடி படுத்தோம். அவரவர் பக்கத்தை அவரவர் இன்னும் இறுக்கினோம். மறுபடி டக் டக். சண்டை சந்து முழுக்கக் கேட்டது. என் பரம்பரையை நீ இழுத்தாய், உன் குளிக்காத உடம்பை நான் இழுத்தேன். மூன்றாம் தடவை படுத்தபோதுதான் நீ கம்பியின் நடுவே கை வைத்தாய். அச்சோடு அதைப் பிடிக்கும் நடு கிளாம்ப் இரண்டும் விரலால் திருகிவிட்ட அளவிலேயே நின்றன. இரண்டு பேரில் ஒருவனும் அவற்றை முடுக்கவில்லை. ஆலையில் அது லைனில் நமக்கு அடுத்து நிற்பவர்கள் வேலை! முனையை முடித்ததும் நம் கை தானாகக் கீழே இறங்கிவிட்டது. அச்சுக்கு இரண்டு பக்கமும் படுத்துக்கொண்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். "இந்த லட்சணத்துல நம்ம ஊரு ஊரா கார் அனுப்புறோம்" என்றாய். சிரித்ததில் இரண்டு பேர் வாயிலும் துரு விழுந்தது.

அடுத்த டயாலிசிஸுக்கு அம்மா ஏறினார். ஏரிக்கரை வளைவில் நீ ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலைத் தூக்கவே இல்லை. கார் நிமிர்ந்தபடியே திரும்பியது. தண்டலத்தில் இறங்கிய அம்மாவிடம், "எப்டிம்மா?" என்று கேட்டாய். "பரவால்லப்பா. சாயல" என்றார். அதற்குப் பிறகு உன்னைப் பிடிக்க முடிந்ததா? கேன்டீனில் கண்டவனிடமெல்லாம், "வாந்திக்கு மாத்திர இல்ல மச்சி, கம்பி" என்று பீற்றிக்கொண்டு திரிந்தாய். அம்மா ஒரு முறைகூடத் தவறாமல் போய்வந்தார்.

பிறகு நடந்ததை எழுதவே எனக்குப் பிடிக்கவில்லை. பட்டப்பகலில், பைக்கில் நீ உன் வழியில் வந்துகொண்டிருந்தாய், சுற்றிப் போகச் சோம்பல்பட்ட ஒரு லாரி எதிர்த்திசையில் வந்தது. நான் ஓடி வந்தபோது கூட்டம் நின்றது. தூக்குவதற்கு அல்ல. எல்லார் கையிலும் போன். ஒருவன் நன்றாகத் தெரியவில்லை என்று பக்கத்தில் இருந்தவனை நகரச் சொன்னான். வாழ்க்கையில் வாந்தியும் சாக்கடையும்தான் அருவருப்பு என்று நினைத்திருந்தேன். அன்று அந்த முகங்களைப் பார்த்தபின் அதெல்லாம் சுத்தமான பொருள்கள். ஆலையில் வாசலருகே உனக்காக எங்களை மௌனமாக நிற்கவைத்தார்கள். நிற்கும்போதே மேலதிகாரி ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார். அடுத்த ஷிப்டில் இடது பக்கம் வேறொருவன் நின்றான். நல்லவன்தான். அவன் முகத்தை நான் இன்னும் சரியாகப் பார்க்கவில்லை.

காரியம் முடிந்ததும் அரக்கோணத்திலிருந்து வந்திருந்த உன் அக்கா, காரை விற்றுவிட்டு அம்மாவைத் தன்னோடு அழைத்துப் போவதாகச் சொன்னாள். அம்மா சாவியை எடுத்து என் கையில் வைத்தார். சாவியில் உன் போயிலை வாடை. ஷிப்டை மாற்றிக் கேட்டு வாங்கிக்கொண்டேன். அன்றிலிருந்து வாரத்தில் இரண்டு நாள் உன் இடத்தில் உட்கார்ந்து ஓட்டுகிறேன். சீட்டுக்குக் கவர் போட்டேன், ஸ்டியரிங்கை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன், அந்த மல்லிகை சென்ட்டைத் தூக்கி எறிந்தேன். பள்ளம் பார்த்து, மேடு பார்த்து மெதுவாகத்தான் போவேன். அம்மா ஒரு நாளும் வாந்தி எடுக்கவில்லை. பேசவும் இல்லை. ஏறுவார், இறங்குவார். இடையில் ஜன்னலுக்கு வெளியே ஆலைச் சுவர்களைப் பார்த்துக்கொண்டு வருவார்.

பட்டறைக்குப் போய்வந்த பிறகு, இந்தச் செவ்வாய்க்கிழமை காரில் ஏறியதும் அவரிடமே கேட்டேன். "அம்மா, அந்தக் கம்பியைக் கழட்டிடட்டுமா? பள்ளத்துல தூக்கிப் போடும்னு மெக்கானிக் சொல்றான்."

"எந்தக் கம்பி?"

"கார் சாயுதுன்னு நீங்க சொன்னதுக்கு அவன் மாட்டினானே."

கண்ணாடியில் பார்த்தேன். அம்மா சிரித்துக்கொண்டிருந்தார். நீ போனபின் முதல் தடவையாக. "கார் எங்க நைனா சாஞ்சிது? அவன் ஓட்டுன ஓட்டு அப்டி. லாரி சந்துல பூருவான், பிரேக்க மிதிப்பான், மறுக்கா பறப்பான். வவுறு இன்னாத்துக்கு ஆவும்? கண்ணு முயிச்சி ஷிப்டு பாத்துட்டு வந்து என்ன இட்டுகினு போற புள்ள. அவனாண்ட போயி உனுக்கு ஓட்டத் தெரிலன்னு எப்டி சொல்றது? கார் மேல பழியப் போட்டுட்டேன்."

எனக்குப் புரிய நேரமாயிற்று. "அப்புறம் கம்பி போட்டதும் வாந்தி நின்னுதே?"

"எங்க நின்னுச்சி? இன்னும் வேகமா இல்ல ஓட்டுனான். நார்த்தங்கா ஊறுகாய வாயில அடக்கிகினு வருவேன். ரெண்டு வாட்டி வாய்க்கு வந்தத முயுங்கிட்டேன். நாளெல்லாம் புயுதில பட்த்துகினு மாட்டினானே, இன்னும் கொமட்டுதுடான்னா அவன் மூஞ்ச எப்டி பாக்கறது?"

முழுங்கிவிட்டேன் என்று சாதாரணமாகச் சொன்னார். எனக்குத் தொண்டை வரை வந்துவிட்டது. எவ்வளவு பெரிய முட்டாள்டா நீ. உன்னைவிடப் பெரிய முட்டாள் நான், பக்கத்து சீட்டிலேயே உட்கார்ந்து வந்தவன்.

"அப்போ கழட்டிடலாம்மா" என்றேன்.

கொஞ்ச தூரம் போனபின், "நீ மாட்டு வண்டி ஓட்டறா மாதிரி ஓட்டற" என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "ஒரே ஒரு வாட்டி அவன் மாதிரி ஓட்டேன், நைனா."

மாட்டேன் என்றேன். உடம்புக்கு ஆகாது என்றேன். கண்ணாடியில் அந்த முகத்தைப் பார்த்தேன். தொழிற்பேட்டைக்குள் திருப்பினேன். ஷிப்ட் நேரம் இல்லாததால் அகலச் சாலை காலியாகக் கிடந்தது. மிதித்தேன். பிரேக்கைக் குத்தி, மறுபடி மிதித்து, ரவுண்டானாவை நீ சுற்றுகிற மாதிரியே சுற்றினேன். அம்மா என் சீட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். சுற்றி முடிக்குமுன் என் கழுத்தில், சட்டைக் காலருக்குள், வெதுவெதுப்பாக இறங்கியது.

வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி ஓடினேன். சாலையோரத்தில் குனிந்து நானும் எடுத்தேன், காலையில் தின்ற இட்லி முழுவதும். திரும்பிவந்தால் அம்மா முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். "இப்டித்தான். இப்டியேதான் ஓட்டுவான், பாவி." வெகுநேரம் அழுதார். நான் முதுகு நாற நின்றுகொண்டிருந்தேன். அப்புறம் மூக்கைச் சிந்திவிட்டு, "வெள்ளிக்கெயமையும் இந்தப் பக்கமே போலாமா?" என்று கேட்டார்.

கம்பியைக் கழற்றப் போவதில்லை. வெள்ளிக்கிழமைக்கு, வாந்தி எடுக்க இரண்டு பிளாஸ்டிக் பை எடுத்து வைத்திருக்கிறேன். ஒன்று அவருக்கு, ஒன்று எனக்கு.